மூணாவது கம்பத்து வாத்து

பையை மேல தூக்க வேண்டாம் தம்பி, கீழயே இருக்கட்டும். அதுல தொங்குற அட்டையைப் பார்த்துத்தான் கேக்குறேன். கரடி படம் போட்ட பச்சை அட்டை. அந்த டூர் கம்பெனி அட்டைதானே? அப்ப நீங்களும் வடக்க போறீங்க. காசி, டெல்லின்னு நம்மாளுங்க சொல்ற வடக்கு இல்ல. நிஜ வடக்கு. நார்வேக்கும் வடக்க. சுவத்துல மேப்பை மாட்டுறப்ப ஆணி அடிப்போமே, அந்த இடம்.

அடுத்த மாசமா? நல்ல வேளை, என் எதிர்ல வந்து உக்காந்தீங்க. நான் போன வருஷம் ஆனி மாசம் போயிட்டு வந்தவன். பேரு சபாபதி. மின்வாரியத்துல மேற்பார்வைப் பொறியாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். குரோம்பேட்டையில எங்க அடுக்குமாடிக்கு ஒன்பது வருஷமா நான்தான் தலைவர். இப்ப திருச்சிக்கு எதுக்குப் போறேன்னு நெனைக்கிறீங்க? ஒரு காலேஜ்ல பேசக் கூப்பிட்டிருக்காங்க. 'வடதுருவமும் நம் பொறுப்பும்'. நாப்பது நிமிஷம். இதோட ஏழாவது கூட்டம். வீட்டுல பொன்னாடையே ஆறு கெடக்கு. போத்திக்கவும் முடியாது, தொடைக்கவும் முடியாது, அப்படி ஒரு துணி.

உங்களுக்குப் பேப்பரெல்லாம் குடுத்துட்டாங்களா? ஃபைல்ல இருக்கா? அப்புறம் காட்டுங்க, பார்க்கலாம். தமிழ்க் குழுன்னா கைடு அந்தப் பொண்ணாத்தான் இருப்பா. நிரோஜினி. யாழ்ப்பாணத்துக்காரங்க பொண்ணு, பொறந்தது வளர்ந்தது எல்லாம் அந்தப் பக்கம். அவங்க அம்மா முப்பது வருஷமா மீன் ஃபேக்டரிக்குள்ள நின்னு மீன் வெட்டினவங்களாம். "எனக்கு வெளியில நிண்டு செய்யிற வேலைதான் வேணும் ஐயா"ன்னு சொன்னா. வெளியிலன்னா எப்படி வெளியில? தோள்ல ஒரு துப்பாக்கி, கரடி வந்தா சுட. இடுப்புல ஒரு பிரஷ், நம்ம பூட்ஸைத் தேய்க்க.

ஆமா தம்பி, பூட்ஸைத் தேய்க்கணும். அடியில நம்மூர்ப் புல் விதை ஒட்டியிருந்தா அங்க முளைச்சுருமாம். நாம கோயிலுக்குப் போனாக்கூட காலை மட்டும்தான் கழுவுறோம். அங்க போனா பூட்ஸுக்கு நகம் வெட்டாத குறை. கல்லை எடுக்காதே, பூவைப் பறிக்காதே, பாசியை மிதிக்காதே, சத்தம் போடாதே. கல்யாண வீட்டுக்குப் போனாக்கூட வெளிய வர்றப்ப ஒரு தேங்காயைப் பையில போட்டுக் குடுப்பாங்க. இத்தனை ஆயிரம் மைல் போனவனுக்கு ஒரு கூழாங்கல் கிடையாது.

நான் விதிக்கு எதிரான ஆள்னு நெனைச்சுராதீங்க. விதி போடுறவனே நான்தான். மூணாவது மாடி பங்கஜம்மா பால்கனியில புறாவுக்குக் கம்பு போட்டாங்கன்னு நோட்டீஸ் போர்டுல பேரைப் போட்டு ஒட்டினேன். எச்சம், நாத்தம், வியாதி. "நீங்க மட்டும் தினமும் காக்காவுக்குச் சோறு வைக்கிறீங்களே"ன்னு கேட்டாங்க. புறா வேற, காக்கா வேறன்னு சொன்னேன். கதவைச் சாத்திக்கிட்டாங்க.

காக்காவுக்கு வைக்கிறது கோமளாவுக்காக. என் வீட்டுக்காரி. போய் அஞ்சு வருஷம் ஆகுது. அவளுக்குத்தான் இந்த ராத்திரியே வராத ஊர் மேல ஆசை. டிவியில பார்த்துட்டு, "ஏங்க, அங்க வெளக்கு வைக்கிற நேரமே கிடையாதாம்"னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. ரிட்டயர் ஆகட்டும்னேன். ஆனதும் முழங்கால் ஆபரேஷன் முடியட்டும்னேன். அது முடிஞ்சதும் அவளே முடிஞ்சுட்டா. அன்னையிலேர்ந்து காக்காவுக்கு வைக்காம நான் ஒரு வாய் சாப்பிட்டதில்ல தம்பி. மழையோ புயலோ, மொட்டை மாடிக்குப் போயி, ஒரு கை சோத்தை வச்சு, 'கா கா கா'ன்னு தொண்டை கிழியக் கூப்பிடுவேன். எதிர் பில்டிங் வரைக்கும் கேக்கும். உயிரோட இருந்தப்பவும் அப்படித்தான் கூப்பிடுவேன். அடுப்படியிலேர்ந்து வந்து நிப்பா. "ஏன் இப்படிக் கத்துறீங்க? இங்கதானே இருக்கேன்"பா.

அவ திதி ஆனி மாசம். டூரும் ஆனி மாசம். அவ பார்க்க ஆசைப்பட்ட ஊர்லயே அவளுக்கு வச்சுருவோம்னு போனேன். பெட்டிக்குள்ள சின்ன ரைஸ் குக்கர், ரெண்டு கிலோ பொன்னி, ஒரு பொட்டணம் எள்ளு, அஞ்சாறு மந்தாரை இலை. கவனிங்க, மந்தாரை இலை. பிளாஸ்டிக் தட்டு இல்ல. எல்லாத்தையும் மஞ்சப் பையில சுத்தி வச்சேன். என்னைவிட இயற்கையா ஒரு ஆளு அந்த ஊருக்குப் போயிருக்க மாட்டான்.

அங்க இறங்கினதும் ஏர்போர்ட்லயே அந்தப் பொண்ணு ஆளுக்கு ஒரு தாள் குடுத்தா. தமிழ்ல அவளே எழுதி அடிச்சதாம். எழுத்து ரொம்பப் பொடி. என் மாத்திரை டப்பா சூட்கேஸுக்குள்ள ஆடிக்கிட்டே இருந்துச்சு, அதுக்கு அடியில மடிச்சு வச்சேன். கச்சிதமா இருந்துச்சு. அப்புறம் வேன்ல மைக்கைப் பிடிச்சு என்னென்னமோ பேசிட்டு வந்தா. பறவை, கூடு, சாப்பாடுன்னு காதுல விழுந்துச்சு. நான் கரடி தெரியுதான்னு ஜன்னல்ல பார்த்துட்டிருந்தேன். டூருக்குப் போனவன் மைக்கைக் கேப்பானா, கரடியைப் பார்ப்பானா?

ஊர் எல்லையில ரோட்டோரமா ஒரு நாய்ப்பட்டி இருக்கு தம்பி. பனிக்காலத்துல வண்டி இழுக்குற நாய்ங்க. இந்தப் பக்கம் நாய் கட்டியிருக்கு, அதை ஒட்டித் தரையில நூறு நூத்தம்பது வாத்து முட்டை மேல உக்காந்திருக்கு. ஈடர் வாத்துன்னு பேரு. ஏன் அங்க வந்து உக்காருதுன்னா, நரிக்கு நாய்னா பயமாம். நாய் இருக்குற இடத்துக்கு நரி வராது. அதனால வாத்து நாயை நம்பி வந்து முட்டையிடுது. நம்ம ஆளுங்க போலீஸ் ஸ்டேஷன் பக்கத்துல வீடு பார்க்குற மாதிரி. கம்பம் நட்டுக் கயிறு கட்டியிருக்காங்க. ரோட்டுல நின்னு பார்க்கலாம், கயிறைத் தாண்டக் கூடாது.

மூணாவது கம்பத்துக்குக் கீழ ஒண்ணு இருந்துச்சு. காபிப்பொடி கலர். உங்களுக்கும் எனக்கும் இருக்குற தூரம்தான். கண்ணை மட்டும் உருட்டும், வேற அசைவே கிடையாது. இருபத்தஞ்சு நாள் எழுந்திரிக்காதாம், சாப்பிடாதாம். எங்க கோமளா சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்ததுக்கே வீட்டுல அத்தனை பெருமை. அந்தப் பொண்ணு எங்களைக் கயித்துக்கு இந்தப் பக்கம் நிக்க வச்சு, ரகசியம் பேசுற குரல்ல சொல்லிச்சு: "தானா எழும்பினா அம்மா வாத்து தன்ர இறகால முட்டையை மூடிப்போட்டுத்தான் போகும். பயந்து எழும்பினா மூடாது. கடல் பறவை உடனே வந்து எடுத்துடும். ஆனபடியா இதில நிண்டு கத்தாதேங்கோ, சாப்பாடு போடாதேங்கோ." சொல்லும்போது என் மூஞ்சியத்தான் பார்த்துச்சு. பன்னெண்டு பேர் நிக்கிறோம், என் மூஞ்சியை மட்டும் ஏன் பார்க்கணும்?

ஏன்னா, முந்தின நாள் சாப்பாட்டு மேசையில நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். சாதாரணக் கேள்வி. "ஏம்மா, இந்த ஊர்ல காக்கா உண்டா?"ன்னு. "இல்லை ஐயா. ஏன் கேக்குறியள்?" விவரத்தைச் சொன்னேன். பாவம், அவளுக்கும் கண்ணு கலங்கிடுச்சு. "எங்கட அம்மாவும் ஊரில வைக்கிறவா. இங்க வேண்டாம் ஐயா. நீங்க ஆயத்தப்படுத்துங்கோ, நான் உங்களைக் கூடு இல்லாத ஒரு வெறும் கரைக்குக் கூட்டிக்கொண்டு போறன், தண்ணியில விடலாமோ எண்டு கேட்டுச் சொல்லுறன்"னா. கேட்டுச் சொல்றாளாம். திதிக்கு ஆபீஸ்ல பர்மிஷன் வாங்கணுமாம். நான் மின்வாரியத்துல முப்பத்தாறு வருஷம் ஃபைல் பார்த்தவன் தம்பி. கேட்டுச் சொல்றேன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?

எங்க ஊர் ஐயருக்குப் போன் போட்டேன். "சூரியன் உச்சிக்கு வர்றப்ப வைங்கோ"ன்னார். "சாமி, இங்க அது எறங்கவே மாட்டேங்குது"ன்னேன். "அப்படின்னா உங்க சௌகரியம்"னுட்டார். "காக்கா இல்லையே சாமி?" "ஏதாவது பறவை இருக்குமே"ன்னார். சாஸ்திரமே சரின்னுடுச்சு.

திதியன்னைக்குக் காலையில குளிச்சு, பச்சைத் தண்ணி பல்லுல படாம, ரூமுக்குள்ளயே குக்கர்ல சோறு வடிச்சு, எள்ளும் தயிரும் பிசைஞ்சு, மஞ்சப் பையில எடுத்துட்டுத் தனியாக் கெளம்பினேன். தயிர் மட்டும் அந்த ஊர்த் தயிர். மத்தவங்க தூங்குறாங்க. ஊர் எல்லைக்குப் பத்து நிமிஷ நடை. வேற எங்க போவேன்? எனக்குத் தெரிஞ்ச பறவை இருக்குற எடம் அது ஒண்ணுதான். கயித்தைத் தாண்டினது நாலே அடி. தட்டையா ஒரு கல்லு இருந்துச்சு, எலையைப் போட்டு, சோத்தை வச்சு, தண்ணி சுத்தினேன். அப்புறம் கையைத் தட்டிக் கூப்பிட்டேன்.

கா! கா! கா!

மன்னிச்சுக்குங்க, அந்தக் குழந்தை முழிச்சுருச்சா? சாரிம்மா. பழக்க தோஷம்.

அங்கயும் இப்படித்தான். மொதல்ல நாய்ங்க ஆரம்பிச்சுது. நாப்பது நாயும் ஒண்ணா. அப்புறம் வாத்துங்க எழுந்துச்சு. எனக்கு அது ஒண்ணும் தெரியல, நான் மேலயே பார்த்துட்டிருக்கேன். வந்துச்சு தம்பி. வெள்ளை வெளேர்னு, பருந்து அளவுல ஒரு கடல் பறவை. நேரா எலையில எறங்கிச்சு. என்னை ஒரு பார்வை பார்த்துச்சு. அஞ்சு வருஷம் காக்காவுக்கு வச்சிருக்கேன், ஒரு காக்காவும் என்னை அப்படிப் பார்த்ததில்ல. மொத்தச் சோத்தையும் ரெண்டே முழுங்கு. எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. "கோமளா, வந்துட்டியா, பார்த்துட்டியா உன் ஊரை"ன்னு வாய் விட்டே சொன்னேன்.

அது நிதானமாத் திரும்பி, மூணாவது கம்பத்துக்கு நடந்து போயி, ஒரு முட்டையை எடுத்து அப்படியே முழுங்கிச்சு.

கோமளா சுத்த சைவம். கேக்குல முட்டை இருக்கான்னு கடைக்காரனை மூணு தடவை கேட்டுட்டுத்தான் வாயில வைப்பா. அப்பத்தான் எனக்கு இது கோமளா இல்லன்னு பட்டுச்சு.

இன்னும் அஞ்சாறு வந்துச்சு. எங்கேர்ந்துதான் வந்துச்சுங்களோ. நான் பையை வீசி வெரட்டினேன். "போ, போ"ன்னு கத்தினேன். கத்தக் கத்த மிச்ச வாத்தும் எழுந்துச்சு. பின்னாடிலேர்ந்து அந்தப் பொண்ணு ஓடி வர்றா. தலையை முடியக்கூட இல்ல. எங்கிட்ட திட்டு வாங்குற சின்ன ஆபீசர் மாதிரி மூஞ்சி வெளுத்திருக்கு, ஆனா குரல் மட்டும் மெதுவா வருது. "ஐயா, கத்தாதேங்கோ. ஒண்டும் செய்யாதேங்கோ. மெதுவாப் பின்னுக்கு வாங்கோ. என்ர கையைப் பிடியுங்கோ." கையைப் பிடிச்சு, சின்னப் பிள்ளையைக் கூட்டிட்டு வர்ற மாதிரி ரோட்டுக்குக் கூட்டிட்டு வந்தா.

எட்டுக் கூடு போச்சுன்னு அப்புறம் எண்ணிச் சொன்னா. வருஷா வருஷம் அவதான் எண்ணுவாளாம், சம்பளமே இல்லாம. நாட்டுல வாத்துக்கா பஞ்சம்? ஆனா ஒண்ணு சொல்றேன். எல்லாம் அடங்கினப்புறம் அந்தக் காபிப்பொடி வாத்து திரும்பி வந்துச்சு. கூட்டுல ஒண்ணும் இல்ல. உள்ள பார்த்துச்சு. அலகால ரெண்டு தடவை இறகை ஒதுக்கி விட்டுச்சு. அப்புறம் அது மேலயே உக்காந்துருச்சு. வெறுங்கூட்டுல! நாங்க ஊரை விட்டுக் கெளம்புற வரைக்கும் உக்காந்திருந்துச்சு. முட்டாள் பறவை. நானும்தான் கோமளா போயி ஒரு வருஷம் ரெண்டு டம்ளர் காபி போட்டேன். அதுக்காக என்னை முட்டாள்னு சொல்ல முடியுமா?

நாய்க்காரன் சொல்லி ஒரு அதிகாரி வந்தாரு. மரியாதையான மனுஷன். என் மந்தாரை இலையை ஏதோ கொலை ஆயுதம் மாதிரி உறையில போட்டு எடுத்துக்கிட்டாரு. எனக்கு அவர் பாஷை தெரியாது, ஆபீஸ் விஷயத்துல என் இங்கிலீஷும் எனக்கு நம்பிக்கை இல்ல. அதனால அந்தப் பொண்ணேதான் நடுவுல நின்னு மொழிபெயர்த்தா. அவர் கேட்டது ஒரே கேள்வி. "இங்க சாப்பாடு வைக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாதுன்னு உங்களுக்கு முன்னாடியே சொன்னாங்களா?"

யாரும் சொல்லலன்னேன்.

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற ஆள் நான் இல்ல தம்பி. ஆனா தாள் குடுத்தா சொன்னதாகுமா? மைக்குல பேசினா சொன்னதாகுமா? 'சபாபதி, உங்க பொண்டாட்டி திதிச் சோத்தை இந்தக் கல்லு மேல வைக்காதீங்க'ன்னு யாராவது சொன்னாங்களா? இல்லையே. அவ என்னை ஒரு நிமிஷம் பார்த்தா. நான் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கிட்டேன். அப்புறம் அவர் பக்கம் திரும்பி மொழிபெயர்த்தா. எனக்குப் பாஷை தெரியாட்டியும் அது அப்படியே போச்சுன்னு தெரிஞ்சுது, ஏன்னா அந்த அதிகாரி எழுதுறதை நிறுத்திட்டு அவளைப் பார்த்தாரு. ஏதோ கேட்டாரு. அவ ரெண்டு வார்த்தையில பதில் சொன்னா. ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டா. அதுக்கப்புறம் என்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கல, எச்சரிக்கையோட விட்டுட்டாங்க. பார்த்தீங்களா, தப்பு யார் மேலன்னு அவங்களுக்கே தெரிஞ்சுருச்சு.

திரும்புறப்ப ஏர்போர்ட்டுக்கு வந்து, நான் ரூம்ல மறந்துட்டு வந்த குக்கர் ஒயரைக் குடுத்தா. "போயிட்டு வாங்கோ ஐயா. அம்மாவுக்குச் சோறு போய்ச் சேர்ந்திருக்கும்"னா. அதை மட்டும் அவ சொல்லாம இருந்திருக்கலாம்.

அதைவிட ஒரு சங்கடம். ஊருக்கு வந்து மறுநாள் மொட்டை மாடிக்குப் போனேன். சோத்தை வச்சேன். கூப்பிட வாயைத் திறந்தா, வரல. சளின்னு நெனைச்சேன். டாக்டர் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு ஒண்ணும் இல்லைங்கிறார். கூட்டத்துல நாப்பது நிமிஷம் மைக் இல்லாமப் பேசுவேன். இப்ப உங்க முன்னாடிகூடக் கூப்பிட்டேனே. மாடியில மட்டும் வராது. பத்து மாசமாச் சும்மா வச்சுட்டு நிக்கிறேன். ஆனா காக்கா வருது தம்பி. கூப்பிடாமலே வருது. இத்தனை வருஷமா எதுக்குக் கத்தினேன்னு தெரியல. இங்கதானே இருந்திருக்கா.

விழுப்புரம் தாண்டிருச்சா? பேச்சு சுவாரஸ்யத்துல தெரியல. எங்க, அந்தப் பேப்பரைக் காட்டுங்க. கண்ணாடியைப் போட்டுக்குறேன். ம்... எழுத்தைப் பெருசாக்கிட்டாங்களே, பரவாயில்ல. 'விதி ஒன்று: எந்தப் பறவைக்கும் சோறு வைக்கக் கூடாது. கா கா என்று கூப்பிடக் கூடாது.' ஹ! வடதுருவத்துல நமக்காக ஒரு சட்டமே போட்டிருக்கான் பாருங்க. திருச்சியில இதைச் சொன்னா கைதட்டல் கூரையைப் பிச்சுக்கும்.

இதென்ன, வழிகாட்டின்னு வேற பேரு போட்டிருக்கு? எரிக்குன்னு ஒருத்தராம். தமிழுக்குக் காதுல மாட்டுற மெஷின் தருவாங்களாம். அப்ப நிரோஜினி?

தமிழ் கைடு வேணும்னு நீங்க ஆபீஸ்ல கேட்டீங்களா? என்ன சொன்னாங்க?

விதியைச் சரியாச் சொல்லலன்னு புகாரா? அவளே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாளா? அதனால குழு கூட்டிட்டுப் போற அனுமதியை நிறுத்திட்டாங்களா... இப்ப அந்த ஊர்லயே கடையில நிக்கிறாளா. பொம்மைக் கரடி விக்கிறாளா.

உள்ள. நாலு சுவத்துக்குள்ள.

இல்ல, தண்ணி வேண்டாம். நல்லாத்தான் இருக்கேன். பேனா வச்சிருக்கீங்களா? பேப்பர் என்கிட்ட இருக்கு. இந்தாங்க, என் பேச்சோட கடைசிப் பக்கம், பின்னாடி வெறுமையாத்தான் இருக்கு. நன்றியுரைதான், போனாப் போகட்டும். நான் சொல்லச் சொல்ல நீங்களே எழுதுங்க தம்பி. அங்க போனதும் அந்த அதிகாரி ஆபீஸ்ல குடுத்துருங்க. ஒரு காப்பி அந்தக் கடையில.

எழுதுங்க. 'சபாபதி ஆகிய நான் சொல்வது. போன வருஷம் நான் சொன்னது பொய். நிரோஜினி என்னிடம் சொன்னாள். மூன்று தடவை சொன்னாள்.' வேன்ல ஒண்ணு, சாப்பாட்டு மேசையில ஒண்ணு, கயித்துக்கிட்ட ஒண்ணு. எழுதிட்டீங்களா? கீழ கையெழுத்துப் போட்டுர்றேன், குடுங்க.

இருங்க. மூணுன்னு இருக்கறதை அடிச்சுருங்க தம்பி. அந்த மாத்திரை டப்பாவுக்கு அடியில வச்ச தாளு... அன்னைக்கு ராத்திரி மாத்திரை எடுக்கறப்ப அதைப் படிச்சேன். நாலுன்னு போடுங்க.